எழுதாமல் விட்ட எடை

பார்சல் அலுவலகத்தில் தராசுக்குப் பக்கத்திலேயே இருபது வருஷம் ஓட்டியவள் நான். எதையும் எடை போட்டு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் என் வீட்டுக்காரர் எனக்குக் கணக்குப்புலி என்று பெயர் வைத்திருந்தார். அது அவர் வாய் ஓயாமல் பேசிய காலம். அவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போதெல்லாம் ஒரு சொல் வெளியே வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இரண்டு முறை அவரை நழுவவிட்டேன். இரண்டாவது முறை அவருடைய அண்ணன் கண்ணெதிரே.

"இது உன்னால ஆகற காரியமில்லம்மா. ரெண்டு மாசம் பார்ப்போம். இல்லன்னா இவனை ஹோம்ல சேர்த்துடலாம்" என்றார்.

நல்ல மனுஷர்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே, ஐம்பத்தொரு வயதில், ஜிம்மில் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு நோட்டு வாங்கச் சொன்னாள். தூக்கும் எடை, எத்தனை தடவை, எத்தனை செட், மூன்றையும் பெருக்கி எழுத வேண்டும். பத்துக் கிலோவைப் பத்துத் தடவை, மூன்று செட் தூக்கினால் முந்நூறு. வாரக் கூட்டல் மெல்ல ஏறினால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம். எனக்குச் சொல்லவா வேண்டும்? முதல் வாரம் ஆயிரத்து எண்பது. நாலாவது வாரம் ஆயிரத்து அறுநூற்று இருபது. தரையில் கால் பாவவில்லை.

ஐந்தாவது வாரம் ஆயிரத்து நானூறாக இறங்கியது. ஆறாவது வாரம் இன்னும் கீழே. அண்ணன் வைத்த கெடுவுக்கு இரண்டே வாரம் பாக்கி.

பயிற்சிப் பெண் நோட்டைப் புரட்டிவிட்டு, வெளியே வேறு ஏதாவது பாரம் தூக்குகிறேனா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். அப்புறம்தான், எதற்காக ஜிம்முக்கு வருகிறேன் என்பதையே அவளிடம் சொல்லாதது நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவர் அறுபத்து நாலு கிலோ. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தூக்குகிறேன்.

"முழுப் பாரமும் உங்க மேல இறங்காது. பாதின்னே வச்சாலும் வாரத்துக்கு ஆயிரத்து எழுநூத்துக்கு மேல வருதேக்கா. இங்க தூக்கறதைவிட வீட்டுல ஜாஸ்தி தூக்கறீங்க. உடம்பு எப்ப தேறும்?" என்றாள். ஜிம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தாள். வீட்டில் தூக்குவதையும் எழுதச் சொன்னாள்.

அன்று மாலை கட்டிலருகே உட்கார்ந்து நோட்டில் புதிதாகக் கோடு போட்டேன். என்ன என்பதுபோல் அவர் புருவத்தை உயர்த்தினார்.

"உங்களைத்தான் எழுதறேன். ஒரு தடவைக்கு முப்பத்திரண்டு" என்று உளறிவிட்டேன்.

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாக்கைக் கடித்துக்கொண்டேன். சமையலறைக்குள் போய் அழுதேன்.

காலையில் அவர் அக்குளுக்கடியில் கை கொடுத்தபோது, பொறு என்று இடது கையால் தடுத்தார். இடது காலைத் தரையில் ஊன்றினார். நாற்காலியின் கையைப் பிடித்து, முகம் சிவக்க, உந்தினார். எட்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை. இருபது வருஷம் பார்சல் தூக்கிய கைக்குத் தெரியாதா? பாரம் குறைந்திருந்தது.

உட்கார்ந்து மூச்சு வாங்கியவர் நோட்டைக் காட்டினார்.

"குறை...ச்சு எழுது."

முப்பத்திரண்டை அடித்துவிட்டு இருபது என்று எழுதிக் காட்டினேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பதி...னஞ்சு."

கண்ணீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது. ஆனாலும் நான் இருபதிலேயே நின்றேன். அண்ணன் வந்து பார்க்கும்போது நோட்டில் ஒரு கிலோகூடப் பொய் இருக்கக் கூடாது.