தவசியின் நீர்க்குடம்

எழுபத்தெட்டாம் வருஷக் கோடையில் போடியில் ரயிலேறி, வண்டி மேல் வண்டி மாறி, ராஜஸ்தான் பாலைவனத்தில் அந்த ஊருக்கு நானும் மச்சினன் மொக்கச்சாமியும் போய்ச் சேர்ந்தோம். தண்டவாள வேலைக்குப் போன என் மகன் தவசி அங்கேதான் செத்தான். தந்தி எங்களுக்கு வருவதற்குள் புதைத்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரன் கட்டிய கல் ஸ்டேஷன், சுற்றிலும் சில வீடுகள், மிச்சமெல்லாம் மணல். சரித்திரத்தில் பேர்பெற்ற ஊராம். இருந்து என்ன? குடிதண்ணீர்கூட ரயிலில்தான் வர வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டுப் பானையை நிறைத்துக் கொடுத்தார்.

பானையைத் தோளில் வைத்து, தவசியைப் புதைத்த மேட்டைச் சுற்றினேன். சுற்றுக்கு ஒரு ஓட்டையாக மொக்கச்சாமி அரிவாளால் கொத்த வேண்டும். தண்ணீர் மண்ணில் விழ வேண்டும். நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் எங்கள் முறை.

முதல் ஓட்டை விழுந்ததும் ஒரு பெண் குடத்தோடு ஓடிவந்தாள். என் முதுகுக்குப் பின்னால் அவள் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் நடக்க நடக்க அவளும் ஏந்திக்கொண்டே நடந்தாள்.

"அவள வெரட்டு மாப்ளே!" என்று கத்தினேன்.

"வேணாம் மாமா. உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு அவளுக்கு."

எங்கள் ஊர் குரங்கணியில் வீட்டுக்குப் பின்னால் ஓடை சும்மா ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் சுற்று முடிந்து, திரும்பாமலே பானையைப் பின்னால் போட்டேன். ஓடு சிதறும் சத்தம் மட்டும் கேட்டது, தண்ணீர் தெறிக்கும் சத்தம் இல்லை.