சரளாவின் காருக்குச் சூடு

கல்யாணமான நாளிலிருந்து சரளாவின் காரைக் கிளப்பிச் சூடாக்கி வைப்பது மகேந்திரன்தான். அவளுக்கு ஈப்போவில் மத்தியான ஷிப்ட். அவர்கள் குடியிருக்கும் குனோங் ராபாட்டில் வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், தன் பட்டறையிலிருந்து சாப்பிட வருகிறவன், கையைக்கூடக் கழுவாமல் எஞ்சினை உறும விடுவான்.

"இந்த வெயில்ல இன்னும் என்னத்தச் சூடு பண்ணுறீங்க?"

"உனக்குத் தெரியாதுலா. எஞ்சின் பேசுறத நான் கேக்கணும்."

மெக்கானிக் ஆயிற்றே, வாயை யார் அடைப்பது?

அந்தச் சரளா போன வாரம் மின்சாரக் கார் வாங்கிவிட்டாள். "அது காரே இல்ல மச்சான், சக்கரம் வச்ச போன்" என்று மகேந்திரன் பட்டறையில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான். பிழைப்புக்குப் பயமில்லை. ஊரில் ஓட்டை வண்டிக்கா பஞ்சம்? வீட்டில்தான் இனி அவன் எதற்கும் தேவைப்படமாட்டான். அதுதான் நெஞ்சைக் குடைந்தது.

முதல் நாள் மத்தியானம் பழக்கதோஷத்தில் புதுக் காரில் ஏறி உட்கார்ந்தான். பட்டனை அழுத்தினான். சத்தமே இல்லை. கியரைத் தட்டிப் பார்த்தான். அப்போதும் மூச்சுப் பேச்சில்லை. செத்துவிட்டது என்று நினைத்து, எழுப்பிப் பார்க்க, வேகம் கூட்டும் எண்ணெய் மிதியை ஒரு மிதி மிதித்தான். கார் பாய்ந்து வாசல் குப்பைத்தொட்டியை உருட்டிவிட்டுத்தான் நின்றது.

சரளா கரண்டியோடு ஓடி வந்தாள். ஆளுக்கு ஒன்றுமில்லை என்றதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சூடாயிருச்சா? இனிமே இதத் தொடாதீங்க சாமி."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் பாதிச் சோற்றிலேயே எழுந்து பட்டறைக்குப் போய்விட்டான்.

மறுநாள் அவள் அடுப்படியில் நின்றபடியே போனைத் தட்டினாள். வாசலில் காரின் ஏர்கோன் தானாக ஓட ஆரம்பித்தது. மகேந்திரன் அதைப் பார்த்துக்கொண்டே தட்டில் கை கழுவினான்.

அதற்கு அடுத்த நாள் அவன் வாசல் பக்கமே திரும்பவில்லை. பட்டறைக் கதை ஒன்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டான். சரளா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, கார் அடுப்பாட்டம் கொதிக்குது. போய்க் குளிர வச்சிட்டு வாங்க."

"போன்லயே போடலாம்ல?"

"போன்ல சார்ஜ் இல்ல."

ரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்த அவள் போன் அந்த நேரம் பார்த்தா பளிச்சென்று எரிந்து மணி அடிக்கவேண்டும்? சரளா அதைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

மகேந்திரன் எதையும் பார்க்காதவன்போல் எழுந்தான். அன்றைக்குக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாவியை எடுத்தான்.