ஐலா தூங்கவைத்த எஞ்சின்

காலுமெட் என்ற குளிர்ப்பிரதேச ஊரில் முதல் பனி விழுவதற்கு முன்பே ஐலா கொஸ்கெலா தன் கணவனின் காரை மே மாதம்வரை தூங்கவைத்துவிடுவாள். 1950இல் செய்த கார். ஆறு சிலிண்டர், கரும்பச்சை நிறம். ஆசைப்பட்டு வாங்கியவன் வைனோ. ரொட்டிக்கடை நடத்தியவன், மாவைத் தவிர வேறெதிலும் கை தேறாதவன். ஐலாவோ இருபத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்தவள். கார் அவனுடையது, எஞ்சின் அவளுடையது என்று அவர்களுக்குள் ஒப்பந்தம்.

அந்த அக்டோபரிலும் பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினாள். டாங்கில் பெட்ரோலை நிரப்பி, கெட்டுப்போகாமலிருக்க மருந்து கலந்தாள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆறு துளைகளிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, பெரிய ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி, பிளக்குகளைத் திரும்ப மாட்டினாள். எலி நுழையாதபடி புகைக்குழாயில் இரும்பு நாரை அடைத்தாள். கடைசியாகப் பேட்டரியைக் கழற்றி எங்கோ ஒளித்தாள்.

வைனோவுக்காகத்தான் ஒளித்தாள். ஜனவரி வந்தால் அவனுக்கு எஞ்சின் சத்தத்தைக் கேட்காமல் இருக்க முடியாது.

“ரெண்டே நிமிஷம் ஸ்டார்ட் பண்ணிட்டு நிறுத்திடறேன் ஐலா.”

“ரெண்டு நிமிஷத்துல அது சூடே ஏறாது. உள்ள ஈரந்தான் கோத்துக்கும். துருப்பிடிச்சா யாரு உக்காந்து தேய்க்கிறது, நீயா?”

“உனக்கு ஏலக்காய் ரொட்டி சுட்டுத் தர்றேன்.”

“அத முதல்ல சுடு, போ.”

ஜனவரி இரண்டாம் வாரம் தபால்பெட்டிக்குப் போன ஐலா பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தாலும் சில வாரம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும் என்றார்கள்.

வைனோ தினமும் போய்வந்தான். வீட்டில் அவனைத் திட்ட ஆளில்லை. சூப்பைக்கூட அடுப்படியில் நின்றபடியே குடித்தான். பத்தாம் நாள், நீராவிக் குளியலுக்கான சவுனா அறையில் துண்டு எடுக்கப் போனவன் கையில் பேட்டரி தட்டுப்பட்டது.

தூக்கிக்கொண்டு நேராகக் காரேஜுக்குப் போனான். ஒரு வயரை மாட்டினான். இன்னொன்றைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், கரண்டியைத் துளைக்குமேல் சாய்த்த ஐலாவின் முகம் நினைவுக்கு வந்தது. மாட்டிய வயரையும் கழற்றினான். சுவரிலிருந்து ஸ்பேனரை எடுத்து, அவள் செய்வதைப் போலவே எஞ்சினை மெதுவாக இரண்டு சுற்று சுற்றினான். ஜனவரிக் குளிரிலும் அவனுக்கு வேர்த்துவிட்டது.

மறுநாள் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். ஐலா சிரிக்க ஆரம்பித்தாள்.

“ஐயோ, தையல் இழுக்குது. அந்தப் பைய எடு.”

கைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவுப் பழுப்புத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் ரோட்டர் அது.

“இது இல்லாம நீ தலைகீழா நின்னாலும் அது ஸ்டார்ட் ஆகாது. வருஷா வருஷம் என் பையிலதான் இருக்கு. போன வாரம் நீயேதான் அந்தப் பைய பத்திரமா தூக்கிட்டு வந்து குடுத்தே.”

வைனோவின் முகம் சுருங்கியது. “அப்போ என்னை நீ நம்பவே இல்ல?”

“முப்பத்தாறு வருஷமா நம்பறேன். ஜனவரியில மட்டும் இல்ல.” பிறகு கேட்டாள்: “எந்தப் பக்கமா சுத்தினே?”

“கடிகாரம் சுத்தற பக்கம். நீ அப்படித்தானே சுத்துவே?”

ஐலா சுற்றுவதும் அதே பக்கம்தான். காரேஜில் அவன் வெறுமனே காப்பி குடித்துக்கொண்டு அரட்டையடிப்பதாகவே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அவன் விரல்களை மடக்கி ரோட்டரை உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“வச்சுக்கோ. மே மாசம் நீயே மாட்டு.”

மே மாதம் அவனே மாட்டினான். வாக்கரைப் பிடித்தபடி ஐலா வாசலில் நின்றாள். நாலாவது முயற்சியில் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. உள்ளே விட்ட எண்ணெய் எரிந்து முற்றமெல்லாம் நீலப்புகை. இருவருக்கும் கண்ணில் தண்ணீர்.

அவள் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பக்கத்து இருக்கையில் அமர்ந்தாள். ஏரிக்கரைச் சாலையில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

“மூணாவது சிலிண்டர் கொஞ்சம் சோம்பேறியா இருக்கு.”

“வண்டியத் திருப்பட்டுமா?”

“எதுக்கு? போய்ட்டே இரு.”