குசினிக்குள்ளை ஓடின இறைப்பு மெசின்

கோப்பை கழுவுற மெசினுக்குள்ளை சாம்பலும் தும்பும் போட்டவ எண்டு குணலட்சுமியைப் பார்த்துச் சிரிக்காதேங்கோ. சாம்பலும் தும்பும் படாமல் எங்கடை உடுவில் ஊரிலை எந்தச் சட்டி வெளுத்தது? மெசினுக்கு மட்டும் அது ஆகாதாம்!

அது சுவிஸிலை இருக்கிற மகள் சுபாஜினி வாங்கிக் குடுத்தது. இப்ப கடகடவெண்டு கத்துது, அடியாலை தண்ணியும் ஒழுகுது. மகள் இண்டைக்கு வந்து இறங்கிறாள். “இந்த மெசினைக்கூடச் சமாளிக்க ஏலாட்டில் வீட்டைப் பூட்டிப்போட்டு என்னோடை வாங்கோ” எண்டு போனிலை சொன்னவள். குணலட்சுமி போனை வைச்சிட்டுப் புறுபுறுத்தா. வீட்டை விட்டிட்டுப் பனிக்குள்ளை போய்ச் சாகவோ?

வெங்காயத் தோட்டங்களிலை தண்ணி பாய்ச்சிற இறைப்பு மெசின் திருத்துற கேதீஸ்வரனைக் கூப்பிட்டா. அவன் அடித்தகட்டைக் கழட்டித் தும்பை முழமுழமாய் இழுத்தான்.

“அன்ரி, தும்பு சுத்தி மோட்டர் எரிஞ்சுபோச்சு.”

“ஐயோ, நாசமாய்ப் போச்சு! ஏதாவது செய் தம்பி, அவள் வரப்போறாள்!”

அவன் செய்த வேலை கடவுளுக்கே அடுக்காது. கோப்பை மெசின் ஓடுற மாதிரிக் காட்ட, தன்ரை இறைப்பு மெசினை யன்னலுக்கு வெளியிலை வைச்சு, குழாயைக் கோப்பை மெசினுக்குள்ளை விட்டு, ஸ்டார்ட் கயித்தை இழுத்தான். வெங்காயப் பாத்திக்குப் பாயிற தண்ணி குசினிக்குள்ளை பாய்ஞ்சுது. செருப்பு ஒண்டு மிதந்து போச்சுது. குணலட்சுமி முதலே கையாலை கழுவி அடுக்கின கோப்பையள் மெசினுக்குள்ளை கிடந்து மேளம் அடிச்சுது.

அந்த நேரம் பார்த்துச் சுபாஜினி பெட்டியோடை வாசலிலை.

“என்னம்மா இது?”

“நிலத்தையும் சேர்த்துக் கழுவுது, பிள்ளை,” எண்டு குணலட்சுமி முழுசினா.

கேதீஸ்வரன் ஓடிப்போய் இறைப்பை நிப்பாட்டினான். “குழாய் கொஞ்சம் இளகிப்போச்சு, இப்ப சரி” எண்டு அண்டப்புளுகு வேறை.

சுபாஜினி மெசின் கதவைத் திறந்து ஒரு கோப்பையைத் தடவிப் பார்த்தாள். பளபளவெண்டு இருந்தது.

“என்ரை மெசின்கூட இப்பிடிக் கழுவாது!” தாயைக் கட்டிப்பிடிச்சாள். “நீங்கள் தனிய இருந்தாலும் சமாளிப்பியள். உங்களைக் கூட்டிக்கொண்டு போகவெண்டுதான் ஒரு மாசம் லீவு எடுத்தனான். இனி என்னத்துக்கு? வாற கிழமையே திரும்புறன்.”

வீடு தப்பிச்சுது. ஆனால் மகள் போகப்போறாள். ஒரு கிழமையோ? இதுக்கோ இவ்வளவு பாடுபட்டனான்? கணுக்கால் தண்ணிக்குள்ளை நிண்டபடி குணலட்சுமி மகளின்ரை கையை இறுக்கிப் பிடிச்சா.

“பொய் பிள்ளை, எல்லாம் பொய்! மெசின் செத்துப்போச்சு. நான் ஒண்டையும் சமாளிக்கேல்லை. அந்த ஒரு மாசமும் நிண்டிட்டுப் போ!”