ஓம், ஓம், யெஸ்

ஆக்லாந்தின் எரிமலைகள் எல்லாம் எப்போதோ அணைந்துவிட்டன என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுத்தப் பொய். தொண்ணூற்றாறாம் ஆண்டு, அந்நகரின் ஓரத்திலுள்ள ரானுயியில், இராசரத்தினத்தின் வயிற்றுக்குள் ஒன்று குளிர்காலம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. புகை மட்டும் வெளியே வரவில்லை. அதுவும் அவர் மனைவி செல்வநாயகி வேளைக்கு வேளை கரைத்துக் கொடுத்த மோரின் புண்ணியம்.

காரணம் இதுதான்: தண்டபாணிக்கு பஸ் கிடைத்துவிட்டது.

இருவரும் ஒரே சப்பாத்துத் தொழிற்சாலையில், ஒரே மேசையில் எதிரெதிரே நின்று சப்பாத்துக்கு அடி ஒட்டியவர்கள். இராசரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர், தண்டபாணி திருச்சிப் பக்கம். ஒரு திங்கட்கிழமை முதலாளி வந்து, இனிமேல் சப்பாத்தெல்லாம் பிஜியில்தான் செய்யப்படும் என்று அறிவித்தார். அங்கே கூலி குறைவாம். அடுத்த வாரமே இயந்திரங்களைக் கழற்றிக் கப்பலில் ஏற்றினார்கள். இராசரத்தினத்தின் இயந்திரத்தைக் கம்பளியில் சுற்றி, கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவருக்கு முதல் பொறாமை அதன்மேல்தான் வந்தது. அதற்காவது கடற்கரை கிடைக்கிறதே!

வேலை போனவர்களை அரசாங்கம் தெருவில் விட்டுவிடவில்லை. தன் செலவில் வேறு தொழில் பழக்க முன்வந்தது. அதில் எல்லாரும் வாயூறிப் பார்த்தது பஸ் ஓட்டும் பயிற்சி. தேறினால் வேலை நிச்சயம், சீருடை நிச்சயம். ஐம்பதைத் தொடப்போகிற ஆளுக்கு வேறெந்தத் தொழிற்சாலையும் கதவு திறக்காது என்பது இராசரத்தினத்துக்குத் தெரியும். அவருக்கு அந்த பஸ் வேண்டும். அதைவிட, ஊரில் லொறி ஓட்டியவர் அவர். தண்டபாணி ஓட்டியது ஒரு ஸ்கூட்டர். அதுவும் மாமனார் கொடுத்தது.

ஆனால் நேர்முகம் கண்ட ஷரன் என்ற அதிகாரி அம்மாள் தண்டபாணியை பஸ்ஸுக்கு எடுத்தார். இராசரத்தினத்தை அனுப்பியது தன்னம்பிக்கை வளர்க்கும் வகுப்புக்கு.

"தன்னம்பிக்கையோ? உங்களுக்கோ?" செல்வநாயகி சிரித்த சிரிப்பில் அடுப்பே அணைந்தது. "இருக்கிறதை வித்தாலே நாங்கள் ஒரு வீடு வாங்கலாமே!"

வகுப்பில் கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று சொல்லச் சொன்னார்கள். இராசரத்தினம் சொன்ன அதட்டலில் கண்ணாடி இரண்டடி பின்னுக்குப் போனது. கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழு, மற்றவர்கள் தாங்குவார்கள் என்றார்கள். தாங்கியவர் சமோவாக்காரர், மலைபோன்ற மனிதர். அவர் இராசரத்தினத்தைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு, "நீ ஏன் இங்கே வந்தாய்?" என்று கேட்டார். பாவம், இராசரத்தினத்துக்கும் அது தெரியவில்லை.

இந்த வேதனை போதாதென்று தண்டபாணி ஞாயிறு தவறாமல் வந்து நாற்காலியில் சாய்வான்.

"பஸ்ஸுன்னா சும்மாவாண்ணே? நாப்பது அடி! மேல உக்காந்தா கார்லாம் எறும்பு மாதிரி தெரியுது."

"எறும்பு கடிக்கும், பாத்து ஓட்டும்."

"சட்டைக்கு அளவெடுத்துட்டாங்க. என் வீட்டுக்காரி கல்யாணி இப்பவே ஊருக்குப் போட்டோ அனுப்பணும்ங்கிறா. ஆமா, உங்க கிளாஸ்ல என்ன பண்றீங்க?"

"விழுறம்," என்றார் இராசரத்தினம்.

அன்றிரவு அவர் சோறு தொடவில்லை. மறுநாள் காலை செல்வநாயகி த்ரீ கிங்ஸ் சூப்பர்மார்க்கெட்டில் தன் காசாளர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்தாள். "வாங்கோ. அந்த மனிசியிட்டை நானே கேக்கிறன்."

ஷரன் நல்ல மனுஷி. இருவரையும் உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, இராசரத்தினத்தை அன்போடு பார்த்துக் கேட்டார்: "உங்களுக்கு உண்மையாகவே பஸ் ஓட்ட விருப்பமா?"

இராசரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓம், ஓம், யெஸ்!"

ஷரன் முகத்தில் இரக்கம் வழிந்தது. "அவசரமில்லை. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"ஓம்!"

"பார்த்தீர்களா," என்று ஷரன் செல்வநாயகி பக்கம் திரும்பினார். "எதைக் கேட்டாலும் இப்படித்தான் தயங்குகிறார்."

செல்வநாயகிக்கு ஒரே நொடியில் விளங்கியது. தினமும் கல்லாவில் பார்க்கிறாளே! எந்த சிகரெட் வேண்டும் என்று கேட்டால் வெள்ளைக்காரர் கூரையைப் பார்த்து இழுப்பது இதே சத்தம்தானே: "அம்... அம்..."

"ஐயோ, என்ரை கடவுளே! இஞ்சாருங்கோ, நீங்கள் ஓம் எண்டுறது இவைக்கு யோசிக்கிற மாதிரிக் கேக்குது!"

அவள் ஷரனுக்கு விளக்கினாள்: எங்கள் ஊரில் ஓம் என்றால் யெஸ். இவர் சொன்னது யெஸ், யெஸ், யெஸ். ஷரன் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்படியானால் மிஸ்டர் தண்டபாணி? அவர் ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆ, மேம்' என்று எவ்வளவு மரியாதையாக..."

"அவன் சொன்னது ஆமாம்!" என்று இராசரத்தினம் தமிழிலேயே கத்தினார். ஒரு 'ஆமாம்' பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது! கம்பராமாயணம் முழுதும் தெரிந்தவனிடம் தோற்றிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

ஷரன் மன்னிப்புக் கேட்டார். ஆனால் இந்தத் தவணைக்கு இடம் நிரம்பிவிட்டது. "வெள்ளிக்கிழமை ஓட்டுப் பரீட்சை. யாராவது தேறாவிட்டால் அந்த இடம் உங்களுக்கு. இல்லையென்றால் அடுத்த தவணையில் முதல் பெயர் உங்களுடையது."

இராசரத்தினம் வீடு வரும்வரை வேண்டாத தெய்வமில்லை. வேண்டியதெல்லாம் ஒரே ஒரு ஆள் தோற்க வேண்டும். எந்த ஆள் என்பதையும் தெய்வங்களுக்குச் சந்தேகமறத் தெளிவுபடுத்தினார்.

தெய்வம் மறுநாளே வாசலில் வந்து நின்றது, தண்டபாணியின் உருவத்தில், அழாத குறையாக.

"அண்ணே, ரிவர்ஸ் வரமாட்டேங்குதுண்ணே. பின்னால எடுத்தாலே எனக்கு எது இடது எது வலதுன்னு தெரியல. வெள்ளிக்கிழமை மானம் போயிடும். நீங்க லாரி ஓட்டுனவரு. உங்க வேன்ல கொஞ்சம் சொல்லிக்குடுங்க."

தெருவிலிருந்த அத்தனை குருவிகளும் பாடியதாக இராசரத்தினத்துக்குக் கேட்டது. "அதுக்கென்ன தம்பி! ஏறும்," என்றார், தேனொழுக.

பழைய வேன் வீட்டுப் பாதையில் பின்னோக்கி ஊர்ந்தது. இராசரத்தினம் புல்லில் கைகட்டி நின்றார்.

"அண்ணே, பின்பக்கம் இடதால போகணும். எந்தப் பக்கம் திருப்பட்டும்?"

இடப்பக்கம் என்பது அவர் ரத்தத்தில் ஊறிய பதில். அதை விழுங்கிவிட்டு, "வலப்பக்கம்," என்றார். "இன்னும் வலப்பக்கம். நல்லா ஒடிச்சுத் திருப்பும்!"

வேனின் பின்புறம் வலப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கச் சுவரோரம் இருந்தது செல்வநாயகியின் கறிவேப்பிலைக் கன்று. ஆக்லாந்துக் குளிரில் கறிவேப்பிலை வளர்ப்பதைவிட யானை வளர்ப்பது சுலபம். அதற்கு அவள் இரவில் போர்வை போர்த்துவாள், காய்ச்சல் என்றால் லீவு போடுவாள். ரானுயி முழுக்க அதன் இலைக்காக அவளிடம் பல்லிளித்து நின்றது.

யன்னல் திறந்தது. "இஞ்சாருங்கோ! என்ரை கறிவேப்பிலைக் கண்டு!"

"இடப்பக்கம்! இடப்பக்கமடா மடையா! பின்னுக்கு எந்தப் பக்கம் போகோணுமோ அந்தப் பக்கமே திருப்பு!" என்று இராசரத்தினம் அலறினார்.

சக்கரம் கன்றை உரசாமல், ஓர் இலைகூட உதிராமல், இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. தண்டபாணி இறங்கினான். முகத்தில் ஞானம் பிறந்த ஒளி.

"இவ்வளவுதானாண்ணே! எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே திருப்பணும்! முதல்ல தப்பா சொல்லி, என்ன ஆகும்னு காட்டிட்டு, அப்புறம் சரியா சொன்னீங்க பாருங்க... நீங்க குருண்ணே!"

குரு குனிந்து கன்றின் இலைகளை எண்ணினார். செல்வநாயகி மட்டும் யன்னலிலிருந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

வெள்ளிக்கிழமை தண்டபாணி நாற்பது அடி பஸ்ஸையும் ஊசிக்குள் நூல் கோத்ததுபோலப் பின்னால் விட்டானாம். தேறினான். ஒருவரும் தோற்கவில்லை. ஷரன் சொன்னபடியே அடுத்த தவணையில் இராசரத்தினத்தின் பெயர் முதலில் இருந்தது. இடம் உறுதி, வேலை உறுதி. செல்வநாயகி சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அவர் வாயில் அது வேப்பம்பூவாக இருந்தது.

"இப்ப என்ன குறை உங்களுக்கு?"

"அவன் என்னைவிட சீனியர். சாகுமட்டும் சீனியர்!"

பயிற்சி தொடங்கும்வரை வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு காலை ரானுயியில் தண்டபாணியின் பஸ் வந்து நின்றது. இராசரத்தினம் இஸ்திரி போட்ட சட்டையோடு ஏறி, முதல் ஆசனத்தில், ஓட்டுநரின் பிடரிக்கு நேர் பின்னால் அமர்ந்தார். நகர மையம் வரை ஒவ்வொரு வளைவிலும், "ம்... கிட்ட எடுத்திட்டீர்... ம்... பிரேக் பிந்திப்போச்சு," என்று சொல்லிக்கொண்டே வந்தார். பரிசோதகர் என்று நினைத்து இரண்டு பள்ளிப் பிள்ளைகள் அவரிடம் டிக்கெட்டைக் காட்டினார்கள். அவர் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசித் தரிப்பில் எல்லாரும் இறங்கினார்கள்.

"அண்ணே, முடிஞ்சுது. இதுக்கு மேல பஸ் போகாது. திரும்ப ரானுயிதான்."

"அப்ப ஓட்டும்," என்றார் இராசரத்தினம், இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டு. "திரும்பிப் போற வழியை நான் இன்னும் பாக்கேல்லை."