சுவரோரத்து மெத்தை

என் கணவனைப் போன்ற நல்லவனோடு குடித்தனம் பண்ணுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சண்டை போடக்கூட இடம் கொடுக்க மாட்டான். நான் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் வரை எனக்கு ராத்திரி. அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். பிள்ளைகளை இறக்கிவிட்டதிலிருந்து திரும்ப ஏற்றும் வரைதான் அவனுக்கு ஓய்வு. ஆக, அவன் கிடார் வாசிக்கக் கிடைக்கிற நேரமும் நான் தூங்குகிற நேரமும் ஒன்றே.

எனக்கு நைட் டியூட்டி போட்ட வாரமே, தன் பெரிய ஆம்ப்ளிஃபயரை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் எலெக்ட்ரிக் கிடாரை எதிலும் செருகாமல், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருப்பான். அவனுடைய பூனை நடையும், டம்ளரை ஓசைப்படாமல் வைக்க அவன் படுகிற பாடும் எனக்குக் கேட்கும். தூக்கம் கண்ணைச் சுழற்றும், ஆனால் வராது. இந்த வேலைக்கு வந்தால் இப்படித்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன மாதம் கிடாரை உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டான். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. எனக்காக ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, ஒருநாள் என்னோடு பேசுவதையும் விட்டுவிடுவானோ என்று.

மறுவாரம் டியூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன். "கிளம்பு. ஆம்ப் வாங்கப் போறோம்."

"உன் தூக்கம்?"

"அதையும் கூட்டிட்டு வர்றேன். கிடாரை இறக்கு."

கிடார் கடைக்காரம்மாவிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "இருக்கறதுலயே சத்தமே வராத வால்வு ஆம்ப் எது?"

அந்தம்மா சிரித்துவிட்டார். "வால்வு ஆம்ப் முடுக்கினாத்தான் தம்பி பாடும். பெரிசை வாங்கி அடக்கி வச்சா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். சின்னதுன்னா கொஞ்ச சத்தத்துலயே மனசு விட்டுப் பாடிடும். அதுக்காக ஒரு வாட்டுன்னா ஊமைன்னு நினைக்காதீங்க. வாட்டைப் பாதியாக்கினா சத்தம் பாதியாகாது, துளிதான் குறையும்."

ஒரு வாட், ஐந்து வாட் என்று இரண்டு பெட்டிகளை வைத்தார். பின்பக்கம் கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. அவன் சின்னதன் முன்னால் குனிந்து உட்கார்ந்து, ஒரு தந்தியைத் தட்டுவதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? வீட்டுல நான் சுவருக்கு அந்தப் பக்கம்தானே படுத்திருப்பேன்? பக்கத்துல மெத்தைக் கடை இருக்கு. நான் போய்ப் படுக்கறேன். தாங்கலைன்னா சுவரைத் தட்டுறேன். தட்டாத வரைக்கும் நிறுத்தாதே."

மெத்தைக் கடைக்காரர் என் யூனிஃபார்மையும் கண்ணையும் பார்த்தார். "படுத்துப் பார்த்துத்தாம்மா வாங்கணும்" என்றார் மரியாதையாக. சுவரோரத்து மெத்தையில் சாய்ந்தேன்.

முதலில் சின்னது கேட்டது, விருந்தாளி பேசுவது போலக் கூச்சத்தோடு. அப்புறம் பெரியது. கல்யாணத்துக்கு முன்னால் அவன் ஓயாமல் வாசித்த மெட்டு. நடுவில் ஓரிடத்தில் எப்போதும் விரல் தப்பும். தன்னையே திட்டிக்கொண்டு முதலிலிருந்து எடுப்பான். இப்போதும் தப்பியது. திரும்ப எடுத்தான். திரும்பத் தப்பியது. அடுத்த முறையாவது வருகிறதா பார்க்கலாம் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

திடுக்கிட்டு விழித்தேன். வார்டில் சத்தம் கேட்டு நாங்கள் பதற மாட்டோம். ஓடிக்கொண்டிருக்கிற மெஷின் சத்தம் நின்றால்தான் எழுந்து ஓடுவோம். அப்படித்தான் எழுந்தேன். எதிரே என் கணவன், செருப்பைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு நின்றான். மெத்தைக் கடைக்காரர் உதட்டில் விரல் வைத்திருந்தார்.

"ஏன் நிறுத்தினே?"

"தட்டவே இல்லையேன்னு பார்க்க வந்தேன். அசந்து தூங்கிட்டிருந்தே. எழுப்ப வேண்டாம்னுதான்..."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நீ நிறுத்தினதாலதான் முழிச்சேன். வீட்டுல நீ சத்தம் போடாம இருக்கறதைத்தான் தினமும் படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருக்கேன். எப்படித் தூக்கம் வரும்?"

அவன் கையிலிருந்த செருப்பைக் குனிந்து பார்த்தான்.

"எதுல வாசிச்சிட்டிருந்தே?"

"அஞ்சு வாட்டுல. ஆனா அது கொஞ்சம்..."

"அதுதான். செருப்பைப் போடு. போட்டுட்டு நட, எனக்குக் கேக்கணும்."

போட்டுக்கொண்டு நடந்தான். டப் டப்பென்று வாசல் வரை கேட்டது. நான் மறுபடி சாய்ந்தேன். சுவருக்கு அப்பால் அந்த மெட்டு ஆரம்பித்தது. அதே இடத்தில் தப்பினான், திட்டிக்கொண்டான், முதலிலிருந்து எடுத்தான்.

இந்தத் தடவை சரியாக வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.