பன்னிரண்டில் மூன்று போனால்

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு முள்ளக்கா என்று பெயர். மீட்டர், கேஜ் என்று முள் ஆடும் எதுவும் வருடத்துக்கு ஒரு தடவை அவள் மேசைக்கு வந்து, சரியாகக் காட்டுகிறதா என்று சோதனையாகிப் போக வேண்டும். அன்றைக்கு வந்தது பாய்லரின் பிரஷர் கேஜ். அதை நம்பித்தான் அவள் வீட்டுக்காரர் பாய்லரை ஓட்டுகிறார். வழக்கமாக மூன்று தடவை பார்ப்பவள் ஆறு தடவை பார்த்தாள். ஆறு தடவையும் முள் பன்னிரண்டு புள்ளி குறைத்தே காட்டியது. பத்தைத் தாண்டினால் ஃபெயில்.

மேனேஜருக்கோ ஃபெயில் என்ற சொல்லே ஆகாது. தன் காலத்தில் ஒரு கேஜ்கூடத் தோற்றதில்லை என்று சுவரில் கேடயம் மாட்டி வைத்திருக்கும் மகானுபாவர்.

“உன் அளவுலயே கூடக்குறைய மூணு புள்ளி சந்தேகம் இருக்குன்னு நீதானே எழுதுவ? பன்னெண்டுல மூணு போனா ஒம்பது. பாஸ்!”

“கூட்டினா பதினஞ்சு சார். போன வருஷம் ஒம்பது வந்துச்சு, மூணைக் கூட்டிப் பாருங்கன்னு கெஞ்சினேன். சந்தேகத்தை வீட்ல வெச்சுட்டு வான்னீங்க.”

“அப்ப அது வேண்டாம். இப்ப வேணும்.”

அடேயப்பா, என்ன நியாயம்! சந்தேகம்கூட இவர் வளர்த்த நாய். கூப்பிட்டால் வரும், விரட்டினால் போகும். சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அவரே போட்டார். பச்சை ஸ்டிக்கரையும் அவரே ஒட்டினார்.

“சரி சார். பாய்லர்ல நிஜ பிரஷர் இனிமே முள் காட்டுறதவிடக் கூடத்தான் இருக்கும். உங்க ரூம் சுவருக்கு அந்தப் பக்கம்தானே பாய்லர்?”

“என்னையே பயமுறுத்தறியா?” என்று சிரித்தார்.

கேஜ் பாய்லருக்குத் திரும்பியது. சாப்பாட்டு வேளைக்குள் மேனேஜரின் மேசையை இரண்டு பேர் வாசல் பக்கத்து அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழைய அறையில் வெயில் அடிக்கிறதாம். ஜன்னலே இல்லாத அறை அது! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

பாய்லர் ஆட்கள் சான்றிதழ் படிப்பவர்கள் இல்லை. மேசை போவதைப் பார்த்தார்கள். முள்ளக்காவின் வீட்டுக்காரர் நெருப்பை அணைத்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மேசைக்குப் பின்னாலேயே நடந்தார். மற்ற நான்கு பேரும் நடந்தார்கள்.

“எங்கய்யா வர்றீங்க எல்லாரும்?”

“உங்க பக்கத்துலதான் சார். எங்களுக்கும் அங்க வெயில்.”

ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தார் மேனேஜர். சுற்றி உட்கார்ந்தவர்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் முள்ளக்காவைக் கூப்பிட்டு, சிவப்பு ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேட்டார். பத்து வருடமாகப் பிரிக்காத கட்டு ஒன்று இருந்தது. பசை காய்ந்துபோயிருந்ததால் அவள் எச்சில் தொட்டு ஒட்டினாள்.